நூற்றிருபத்தேழாவது கெற்

ஆண்டின் கடைசி நாளான மார்கழி முப்பத்தோராம் திகதி பிற்பகல் இரண்டு மணிக்கு, சிற்றூழியர் ஆங்கில ஆற்றல் அதிகாரசபையின் கோப்பாய் நிலையத்தில் நடந்த இறுதித் தேர்வுக்குச் சமுகமளித்தோர்:

1. கலாநிதி வே. சண்முகநாதன், பதில் பணிப்பாளர். பொன்னாடையுடன்.

2. திரு. கந்தப்பு, ஓய்வுபெற்ற அதிபர், ஆலோசனைச் சபைத் தலைவர். நித்திரையில்.

3. ஆலோசனைச் சபை உறுப்பினர் மூவர். பெயர் கேட்டபோது, போன கூட்ட அறிக்கையில் இருக்கிறது என்றார்கள்.

4. தவில்காரர் ஒருவர். திருவெம்பாவைக் காலம் என்பதால் நாதஸ்வரக்காரர் கோயிலில்.

5. செல்வி அருந்ததி, முகாமைத்துவ உதவியாளர். இந்தப் பட்டியலை எழுதியவர்.

6. சி. தம்பிஐயா, பயிலுநர்.

சமுகமளிக்காதோர்: மற்றப் பயிலுநர் முப்பத்தெட்டுப் பேர். காரணம் "தெரியவில்லை" என்று பதியப்பட்டிருக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

தம்பிஐயா சண்டிலிப்பாய்க்காரர். அங்குள்ள குடிநீர்த் தாங்கிக்கு மோட்டர் போட்டு, வால்வு திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குத் தண்ணீர் விடுவது அவருடைய வேலை. பதினாலு வருடமாகச் செய்கிறார். பதினாலு வருடமும் அமைய ஊழியர். அதாவது, நாளைக்கு வரவேண்டாம் என்று யாராவது சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. நிரந்தர நியமனம் வேண்டுமானால் நாற்பத்தைந்து வயதுக்கு முன் ஓர் ஆங்கிலச் சான்றிதழ் எடுக்கவேண்டும் என்று போன தையில் அவர் வேலை செய்யும் பிரதேச சபைக்குச் சுற்றறிக்கை வந்தது. தம்பிஐயாவுக்கு நாற்பத்தைந்து முடிவது வருகிற தை முதலாம் திகதி. ஆகவே அந்தச் சான்றிதழ் மார்கழி முப்பத்தொன்று பின்னேரம் நாலேகாலுக்கு முன் சபைக் கந்தோரில் இருக்கவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அவர் சாகும்வரை அமைய ஊழியர்.

மோட்டருக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"அது மோட்டரின்ரை பிரச்சினை," என்றார் சபைச் செயலாளர்.

மாசி மாதம் கோப்பாய் நிலையத்தில் வகுப்பு ஆரம்ப விழா நடந்தது. காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கில் ஐந்து திரி இருந்தன. வந்த பெரியவர்கள் ஆறு பேர். ஆறாமவர் கோபித்துக்கொண்டு வாகனத்தில் ஏறி இருந்துவிட்டார். ஆளனுப்பி இன்னொரு விளக்கு வாங்கிவரும்வரை விழா ஒத்திவைக்கப்பட்டது. பிறகு வரவேற்புரை, ஆசியுரை இரண்டு, வாழ்த்துரை நாலு, பொன்னாடை போர்த்தல், போர்த்தியவருக்குப் போர்த்தல். ஒன்றரை மணிக்கு, கலாநிதி சண்முகநாதன் தலைமையுரைக்கு எழுந்தார்.

"சபையோரே! சிற்றூழியர் ஒருவருக்கு முழு ஆங்கிலமும் எதற்கு? நாங்கள் அவரிடம் சொல்வதுதான் என்ன? எடு, கொண்டு வா, எழும்பு, ஏறு, இறங்கு, உள்ளே வா, வெளியே போ, தொலைந்து போ. இத்தனைக்கும் ஆங்கிலேயன் ஒரேயொரு வினைச்சொல்லை வைத்திருக்கிறான். அதுதான் ஜீ, ஈ, ரீ, கெற்! கொழும்பிலே ஒரு ஹோட்டலில் நிபுணர்கள் மூன்று வாரம் தங்கியிருந்து, கெற் என்பதற்கு நூற்றிருபத்தேழு பாவனைகள் உள்ளன என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் உங்களுக்குத் தருவது எமது இலட்சியம். மற்ற வினைச்சொற்கள் நிறைவேற்றுத் தர அலுவலர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன."

கைதட்டினார்கள். தம்பிஐயாவும் தட்டினார். ஒரு சொல்தானே, ஒரு கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

அடுத்த வகுப்புக்குக் காலை ஏழரைக்கே போய்விட்டார். அருந்ததி அப்போதுதான் கதவைத் திறந்தாள். வரவுப் புத்தகத்தை விரித்தால், பக்கத்தின் உச்சியில் சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு.

"அண்ணை, நீங்கள் பிந்திட்டியள்," என்றாள் அருந்ததி.

"பிள்ளை, இப்ப ஏழரை. நீங்களே இப்பதான் கதவு திறந்தனீங்கள்."

"எட்டே முக்காலுக்குக் கோடு கீற வேணும். ஐயா பத்துக்குத்தான் வாறவர். அதாலை முதல்நாள் பின்னேரமே கீறிப்போட்டுப் போயிடுவார்."

"அப்ப ஒராள் நேரத்துக்கு வாறதெண்டா எப்பிடி?"

"முதல்நாள் பின்னேரம் வந்து வையுங்கோ."

அவள் பகிடி விடவில்லை. தம்பிஐயா அதற்குப் பிறகு வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நின்று, அடுத்த வகுப்புக்கான பக்கத்தில் கையெழுத்து வைத்து, பணிப்பாளர் வந்து அதன் கீழே கோடு கீறுவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். நிலையத்தில் காவலாளி பதவி இரண்டு வருடமாக வெற்றிடம். பின்னேரம் கடைசியாக நிற்பவர் இவர்தான் என்பதால் கதவைப் பூட்டுகிற திறப்பை இவர் கையில் கொடுத்தார்கள். திறப்புப் பதிவேட்டில், பணிப்பாளர் தன் கையால் எழுதிய விதியின் கீழ் கையொப்பம் வாங்கினார்கள். அந்த இரண்டாவது குத்துவிளக்கு களவு போன அன்று எழுதப்பட்ட விதி: "திறப்பு வைத்திருப்பவர் வளவை விட்டு நீங்கும்போது, எக்காரணம் கொண்டும், எவர் பொருட்டும், கதவைப் பூட்டாது நீங்கலாகாது. திறப்பைக் கையளிப்பதாயின் பணிப்பாளரின் கையொப்பம் பெறவேண்டும்."

நிலையத்துக்கு ஒரு கதவுதான். பின்கதவை அலுமாரிகள் மறைத்துவிட்டன. ஒவ்வொரு பயிலுநருக்கும் ஒவ்வொரு பாவனைக்கும் ஒரு கடிதக் கோவை. நாற்பது பேருக்கு ஐயாயிரத்து எண்பது கோவை. அவற்றை எங்காவது வைக்கத்தானே வேண்டும்.

படிப்பு இப்படி நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாவனைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு பாவனை. பயிலுநர் அந்தப் பாவனையை வாழ்க்கையில் செய்ததாக ஆவணம் கொண்டுவரவேண்டும். மூலப்பிரதியும் உறுதிப்படுத்திய பிரதி இரண்டும். பிறகு மூன்று கையொப்பம். ஆங்கிலத்தில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்பதற்கு ஆளில்லை.

முதலாம் பாவனை கெற் அப், எழும்புதல். இதற்குக் கிராம அலுவலரான விதானையாரின் கடிதம் வேண்டும்.

"நீ எழும்பினதை நான் எப்பிடியப்பா காணுறது?" என்றார் விதானையார். "நான் எழும்ப முன்னம் நீ எழும்பி மோட்டர் போட்டிடுறாய்."

"அதைத்தான் எழுதித் தாங்கோவன்."

"காணாத ஒண்டை எழுதி நான் கையெழுத்து வைக்கிறதோ? வேலைக்கு உலை வைக்கிறாய்."

விடிய நாலு மணிக்கு எழும்புகிற மனிதன், காலை ஒன்பது மணிக்கு விதானையாரின் விறாந்தையில் சாக்கு விரித்துப் படுத்து, வரிசையில் நின்ற பதினொரு பேர் பார்க்க எழும்பினார். கடிதம் கிடைத்தது.

கெற் வெற், நனைதல். பதினாலு வருடம் தண்ணீரோடு சீவித்தவரிடம், மழை பெய்ததற்கு வானிலைக் கந்தோர்க் கடிதம் கேட்டார்கள். கெற் சிக், நோய்வாய்ப்படுதல். அதற்கு வைத்தியச் சான்றிதழ் எடுக்க ஆஸ்பத்திரி வரிசையில் அரைநாள் நின்றதில் உண்மையாகவே காய்ச்சல் வந்துவிட்டது. கெற் மறீட். விவாகப் பதிவு மட்டும் போதாது, மனைவி நேரில் வரவேண்டும் என்றார்கள்.

"பதினெட்டு வருசம் கழிச்சு உங்களைக் கட்டினதுக்கு நான் சாட்சி சொல்ல வரவேணுமோ?" என்றாள் பிரசாந்தி. "அண்டைக்கே கேட்டிருந்தா வேண்டாமெண்டு சொல்லியிருப்பனே."

ஆனால் வந்தாள். அந்த வேலை நிரந்தரமாகாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெளிக்கிடும்போது ஒன்றுதான் சொன்னாள்: "மார்கழி முப்பத்தொண்டு. ஞாபகம் இருக்கட்டும்."

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி. அந்த மூன்று நாளும் சண்டிலிப்பாயில் காலை ஆறரையோடு தண்ணீர் நிற்கும். வால்வை மூடிவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடும்போது ஒழுங்கையில் வெறும் வாளிகளோடு பெண்கள் நிற்பார்கள். அவர்களில் சின்னாச்சியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்.

"தம்பிஐயா! வடிவா இங்கிலீசு படிச்சுக்கொண்டு வா! நாங்கள் அதை ஊத்திக் குளிக்கிறம்!"

பயிலுநர்களில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். நிஸாம். யாழ்ப்பாண நகரில் ஒரு நூலகக் காவலாளி. தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நாலு வயதில், இரண்டு மணித்தியால அவகாசத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர். புத்தளத்தில் வளர்ந்து, கட்டாரில் ஒன்பது வருடம் ஹோட்டலில் வேலை செய்து, திரும்பி வந்திருந்தார். பங்குனியில் ஒருநாள் அவர் எழுந்து, வகுப்பு எப்போது தொடங்கும் என்று பணிப்பாளரிடம் ஆங்கிலத்திலேயே கேட்டார்.

பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வியை எழுத்தில் தரவும்," என்றார் தமிழில்.

மறுநாள் விசாரணை வைத்தார்கள். தீர்ப்பு: "மேற்படி பயிலுநர், தமக்கு அனுமதிக்கப்படாத வினைச்சொற்கள் ஐந்தினை ஒரே மூச்சில் பயன்படுத்தி ஒழுக்கத்தை மீறியுள்ளார்." நிஸாமை நீக்கினார்கள்.

அவர் வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே தம்பிஐயாவிடம் சொன்னார்: "அண்ணை, உவங்கள் ஒருத்தருக்கும் உது தெரியாது. கடைசிப் பாவனை என்னெண்டு பாத்தீங்களா? கெற் அவுட். நான் அதை நாலு வயசிலயே முடிச்சிட்டன். அதுக்கு ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லை."

தம்பிஐயா தன் தொலைபேசியை வெளியே எடுத்தார். "தொலைபேசி இலக்கத்தைத் தந்திட்டுப் போ," என்றார்.

ஐம்பத்திரண்டாம் பாவனை, கெற் லொஸ்ற். தொலைந்துபோதல். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். குடாநாட்டில் அறிமுகமில்லாத இடத்துக்குப் போய்த் தொலைவது எவ்வளவு கஷ்டம் என்று தம்பிஐயா அன்றுதான் கண்டார். எந்தச் சந்தியில் நின்றாலும் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணை, இஞ்சை நிக்கிறியள்?" என்றார். பருத்தித்துறை வரை போனார். அங்கே மீன்சந்தையில் பிரசாந்தியின் ஒன்றுவிட்ட தமையன் கண்டுபிடித்து, கையில் ஒரு பாரை மீனையும் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, நடத்துநரிடம் "சண்டிலிப்பாயிலை இறக்கி விடுங்கோ" என்றும் சொல்லிவிட்டான்.

கடைசியில் மீனோடு பொலிஸுக்குப் போனார்.

"தொலைஞ்ச ஆள் ஆர்?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"நான்தான்."

"நீங்கள் இஞ்சை இருக்கிறீங்களே."

"ஓம். அதுதான் கரைச்சல்."

பொலிஸ்காரர் பேனையை மேசையில் வைத்தார். "உண்மையிலை காணாமல் போன ஆக்களின்ரை கோவை அந்த அலுமாரியிலை இருக்கு," என்று ஒரு மூலையைக் காட்டினார். "அது திறக்கிறேல்லை. இது வேறை மாதிரி. இதை எழுதலாம்." எழுதினார்.

எழுபதாம் பாவனை, கெற் த ஜோக். பகிடியை விளங்கிக்கொள்ளுதல். இதை நேரில் பரீட்சித்தார்கள். பணிப்பாளர் ஒரு பகிடி சொல்வார், பயிலுநர் உரிய இடத்தில் சிரிக்கவேண்டும், மூவர் சாட்சி. பகிடியில் ஒரு மேலதிகச் செயலாளர், ஒரு சுற்றறிக்கை, அதன் திருத்தம் ஆகியவை வந்தன. முதல்தடவை தம்பிஐயா திருத்தம் வருமுன்னே சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை, பகிடி முடிந்ததென்று தெரியாமல் காத்திருந்தார். மூன்றாம் தடவை கந்தப்பு மாஸ்டர் ஏதோ கனவு கண்டு சிரித்தார்; தம்பிஐயா அவருக்குப் பின்னால் சிரித்துத் தப்பினார்.

எண்பத்தெட்டாம் பாவனை, கெற் எவே வித். பிழை செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் தப்புதல். இதற்கு மட்டும் ஆவணம் கேட்கவில்லை. எப்படிச் செய்வதென்று அலுவலர்கள் தாங்களே செய்து காட்டினார்கள்.

கார்த்திகை மழையோடு மற்றவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தம்பிஐயா நிற்கவில்லை. நிற்பதற்கு அவருக்கு வயதில்லை.

இப்படித்தான் மார்கழி முப்பத்தொன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் தன் புத்தகத்தைப் பணிப்பாளரின் மேசையில் வைத்தார். நூற்றிருபத்தாறு பக்கமும் நிரம்பியிருந்தது. நிலையத்தின் மூன்று வருட வரலாற்றில் அந்த இடத்துக்கு எவரும் வந்ததில்லை. மிச்சம் கெற் அவுட், வெளியேறுதல். பயிலுநர் வாசலைத் தாண்டி வெளியே போகவேண்டும். தேர்வாளர் உள்ளே நின்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அவ்வளவுதான்.

"ஐசே, உது லேசானது," என்று பணிப்பாளர் பேனையைத் திறந்தார்.

அருந்ததி தேர்வு விதிக் கோவையை விரித்தாள். "ஐயா, ஒன்பதாம் பந்தி. நூற்றிருபத்தேழையும் முடிச்ச ஆள்தான் கடைசிக் கையெழுத்து வைக்கலாம்."

"ஆர் முடிச்சது?"

"ஒருத்தரும் இல்லை."

"நான்?"

"நீங்கள் ஒண்டுமே செய்யேல்லை, ஐயா."

ஆலோசனைச் சபை முகட்டைப் பார்த்தது. அருந்ததி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "பத்தாம் பந்தி. அப்பிடி ஒருத்தரும் இல்லாட்டி, ஆகக் கூடச் செய்த ஆள் பதில் தேர்வாளராய்க் கடமை பாக்கலாம்."

எல்லோரும் தம்பிஐயாவைப் பார்த்தார்கள். அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

இரண்டு இருபதுக்குத் தம்பிஐயா பதில் தேர்வாளராக நியமிக்கப்பட்டார். தவில் ஒருமுறை முழங்கியது. கந்தப்பு மாஸ்டர் விழித்து, கைதட்டி, மறுபடி கண்ணை மூடினார். தம்பிஐயா தன் புத்தகத்தை எடுத்தார்.

"அண்ணை, உங்கடை புத்தகத்திலை நீங்களே வைக்கேலாது," என்றாள் அருந்ததி. "உங்கடையைப் பாக்க, நூற்றிருபத்தாறு முடிச்ச இன்னொராள் வேணும்."

பணிப்பாளரின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. மூன்று வருடமாக அவருடைய பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த, தற்காலிகம் என்று பொருள்படும் "பதில்" என்ற சொல், அவரும் இந்தப் புத்தகத்தை முடித்தால்தான் கழலும். அவரைத் தேர்வு செய்ய இதுவரை நாட்டில் ஆளில்லை. இப்போது ஒருவர் எதிரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கொரு புதுப் புத்தகம் எடுங்கோ," என்றார்.

தம்பிஐயா முதலாம் பக்கத்தை விரித்தார். பதினொரு மாதப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "விதானையாரின்ரை கடிதம் கொண்டந்தனீங்களோ?"

"என்னத்துக்கு?"

"எழும்பினதுக்கு."

"நான் எழும்பித்தானே இஞ்சை வந்து இருக்கிறன்!"

"நானும் அப்பிடித்தான் ஐயா சொன்னனான்."

பணிப்பாளர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். குரல் இறங்கியது. "தம்பிஐயா அண்ணை, நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆக்களே?" அவருக்கு வயது ஐம்பத்தேழு.

தம்பிஐயா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து. கையெழுத்து வைக்கத் தொடங்கினார். எழும்பினார், வைத்தார். நனைந்தார், வைத்தார். தொலைந்தார், வைத்தார். கெற் ஓல்ட் என்ற பக்கத்தில் மட்டும் பணிப்பாளர் கையைப் பிடித்தார். "உதை ஒருக்கா யோசிச்சு வையுங்கோ. நான் இன்னும் அப்பிடி இல்லை."

"விட்டா நூற்றிருபத்தஞ்சுதான் வரும், ஐயா."

"சரி, வையுங்கோ."

எழுபதாம் பக்கம் பகிடி. இப்போது தேர்வாளர்தான் பகிடி சொல்லவேண்டும். தம்பிஐயாவுக்குப் பகிடி தெரியாது. யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் இஞ்சை இங்கிலீசு படிக்க வந்து பதினொரு மாசம்."

பணிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை உறுப்பினர் மூவரும் சிரித்தார்கள். சாட்சிக்குக் குறைவில்லை.

மூன்று இருபதுக்கு இரண்டு புத்தகமும் நூற்றிருபத்தாறில் நின்றன. இனி ஒருவர் வெளியேற மற்றவர் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு அவர் வெளியேற இவர் வைக்கவேண்டும்.

"முதல் நான் போறன்," என்று பணிப்பாளர் பொன்னாடையைச் சரிசெய்தார். "அதுதான் பதவி ஒழுங்கு. நீங்கள் வையுங்கோ. நான் இப்ப திரும்பி வந்து உங்கடையை வைக்கிறன்."

தம்பிஐயா யோசித்தார். இந்த மனிதர் "இப்ப வாறன்" என்று சொல்லி அந்த வாசலால் இறங்கிய நாட்கள் நூறுக்கு மேலே. அன்றைக்கே திரும்பி வந்த நாள் ஒன்றும் இல்லை. திறப்பு வைத்திருப்பவருக்கு அது தெரியாமல் யாருக்குத் தெரியும்? வால்வு வேலையிலும் இதுதான். உள்ளே வரவேண்டியது வராமல் வெளியே விடக்கூடாது.

"ஐயா, கோபிக்காதேங்கோ," என்றார். "நீங்கள் முதல் போனா வடிவாயிராது. எந்த விழாவிலையும் பெரிய ஆள் கடைசிதானே. பொன்னாடை கடைசி, பேச்சுக் கடைசி. சின்ன ஆக்கள் சத்தமில்லாமல் முன்னுக்குப் போகட்டும். பிறகு நீங்கள் தவிலோடை வெளிக்கிடுங்கோ."

பணிப்பாளர் ஆலோசனைச் சபையைப் பார்த்தார். சபை தலையாட்டியது. அப்படித்தான் எந்த விழாவும் நடந்திருக்கிறது.

"அதுவும் சரிதான்," என்றார். "இவர் போறது ஒரு ஒத்திகை மாதிரி இருக்கட்டும்."

தம்பிஐயா வாசலைத் தாண்டினார். பணிப்பாளர் யன்னல் கம்பிகளுக்குள்ளால் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அருந்ததி முத்திரை குத்தி, சான்றிதழைக் கிழித்து, கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு மூண்டரைக்கு சோட் லீவு," என்று சான்றிதழை நீட்டினாள். "ஓடுங்கோ அண்ணை." தன் ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள்.

படலையடியில் நிஸாம் மோட்டார் சைக்கிளை உறும விட்டபடி நின்றார். காலையில் தொலைபேசியில் சொன்ன சொல்லுக்கு வந்திருந்தார். "பிரதேச சபைக்கு அரை மணித்தியாலம் காணும் அண்ணை. ஆனா இப்பவே வெளிக்கிடணும்."

தம்பிஐயா வாசலுக்குள் தலையை நீட்டினார். உள்ளே மாலை போட்டாகிவிட்டது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. உறுப்பினர் மூவரும் வரிசையில் நின்றார்கள். பணிப்பாளர் கதவைப் பார்த்தபடி நடுவில் நின்றார்.

"ஐயா, கெதியா வாங்கோ. நான் சபைக்குப் போகவேணும்."

"வெளியேறுமுன் இரண்டொரு வார்த்தை," என்றார் பணிப்பாளர்.

அவருடைய இரண்டொரு வார்த்தையில் மிகச் சிறியது ஐம்பது நிமிடம். ஆரம்ப விழாவிலேயே தம்பிஐயா அளந்திருந்தார்.

"சபையோரே! இந்தக் கதவு வழியாக நான் வெளியேறுவது ஒரு தனிமனிதனின் வெளியேற்றம் அல்ல. சிலர் கேட்கிறார்கள், மூன்று வருடத்தில் இங்கே எத்தனை பேர் ஆங்கிலம் கற்றார்கள் என்று. ஒருவரும் இல்லை என்று நான் பெருமையோடு சொல்வேன்! கற்றவன் போய்விடுவான். கல்லாதவன்தான் ஒரு நிறுவனத்தின் தூண்..."

"ஐயா, வாங்கோவன். வெளியாலை வந்து பேசுங்கோ."

"ஐசே, பேச்சு நடக்குது!"

மூன்று முப்பத்திநாலு. தம்பிஐயா கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். திறப்பைக் கையளிக்கப் பணிப்பாளரின் கையொப்பம் வேண்டும். பணிப்பாளர் பேசுகிறார். கையளிக்காமல் போவதானால் கதவைப் பூட்டவேண்டும். எக்காரணம் கொண்டும், எவர் பொருட்டும். அவர் அதன் கீழ்த்தான் கையொப்பம் வைத்திருந்தார். பதினொரு மாதத்தில் அவர் ஒரு விதியையும் மீறியதில்லை.

கதவை இழுத்துச் சாத்தினார்.

உள்ளே பேச்சு நின்றது. தவில்காரர், பேச்சு முடிந்ததென்று எண்ணி, முழங்கத் தொடங்கினார். அதையும் மீறி ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. யன்னல் கம்பிகளில் மாலையும் முகமும் வந்து முட்டின.

"ஐசே தம்பிஐயா! அண்ணை! தம்பிஐயா அண்ணை!" பிறகு எங்கிருந்தோ வந்தது: "கெற் மீ அவுட்!"

தேவைக்காக அந்த நிலையத்தின் அலுவலர் ஒருவர் சொன்ன முதலாவது ஆங்கில வசனம் அது. உச்சரிப்பிலும் பிழை இல்லை.

"நல்லாய்ச் சொல்லுறியள் ஐயா," என்றார் தம்பிஐயா, நாதாங்கியைப் போட்டபடி. "ஆனா உது நூற்றிருபத்தேழுக்குள்ளை இல்லை. எழுத்திலை தாங்கோ."

ஆமைப்பூட்டைக் கொளுவி அமுக்கினார். பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.